விழுந்தவளைத் தூங்க விட்டாய்

முத்து,

உன் கார்டு நேற்று வந்தது. நலம் என்று ஒரு வரி, அங்கே மழை விடவில்லை என்று ஒரு வரி, அதற்குப் பிறகு விஷயத்துக்கு வந்துவிட்டாய். "மரகதத்துக்கு இப்போது ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன். இங்கே சாப்பாட்டுக்குச் சிரமமாக இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை பஸ் ஏற்றி அனுப்பவும்." மூன்று தடவை வாசித்தேன். வெள்ளிக்கிழமை அவள் வரமாட்டாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ பஸ் நிற்கிற இடத்தில் போய்க் காத்துக் கிடக்க வேண்டாம். சோறுதான் சிரமம் என்றால் அரிசியைக் களைந்து உலையில் போடு, வெந்ததும் வடி. உன் அப்பாவுக்கு அது தெரிந்திருந்தது. உனக்குத் தெரியாமல் வளர்த்தது என் தப்பு. என் தப்புகளில் அது ரொம்பச் சின்னது. பெரியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் லீவு கேட்டுக்கொண்டு வந்து இந்தக் காகிதத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு உன் வீட்டில் நடந்தது முழுவதும் உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கூடத்தான் இருந்தாய், ஆனால் பார்க்கவில்லை. அதனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அது ஒரு வியாழக்கிழமை. பேரிக்காயும் பூண்டும் ஒரு பையில் கட்டிக்கொண்டு, கொடைக்கானலில் வெள்ளனே பஸ் ஏறி, உச்சிவேளைக்கு உங்கள் எஸ்டேட் லயத்தில் இருக்கிற வரிசை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நீ காட்டிலிருந்து அப்போதுதான் வந்து தட்டில் பழைய சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தாய். "வாங்கம்மா" என்றாய். மரகதம் எங்கே என்று கேட்டேன். "தூங்குறாம்மா. திங்கக்கெழம பின்னாடி படியில வழுக்கி விழுந்துட்டா. தலையில லேசா அடி, ஒண்ணும் இல்ல. அன்னைக்கே எந்திரிச்சு சோறெல்லாம் ஆக்கினா. நேத்துலருந்து ஒரே தூக்கம். பாவம், தூங்கட்டும்னு நானும் எழுப்பல." இதைச் சொன்னபோது உன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. பெண்டாட்டியைப் பகலில் தூங்க விடுகிற நல்ல புருஷன் என்ற பெருமை. எனக்கு இன்னும் அந்த முகம் மறக்கவில்லை.

உள்ளே போனேன். ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தாய். இருட்டில் முதலில் எனக்குக் கேட்டது குறட்டை. இருபது வயசுப் பெண், காற்றடித்தால் பறக்கிற உடம்பு, அவளிடமிருந்து மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். பாய்க்குப் பக்கத்தில் வாந்தி. அதன்மேல் சாம்பலைப் போட்டு மூடியிருந்தாய், பெருக்கித் தள்ளக்கூட இல்லை. கூப்பிட்டேன். எழவில்லை. தோளைக் கிள்ளினேன். இடது கை என் கையைத் தள்ளியது, வலது கை போட்டது போட்டபடி கிடந்தது. ஜன்னலைத் திறந்து இமையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கண்ணின் பாப்பா மிளகு அளவு சுருங்கியிருந்தது, இன்னொன்று விரிந்து முழுக் கறுப்பாக நின்றது. பின்மண்டையில் முடியோடு சேர்ந்து காப்பித்தூள் காய்ந்து கட்டியாக ஒட்டியிருந்தது. நீ வாசலில் நின்றுகொண்டு, "என்னம்மா, கொஞ்சம் காப்பி போட்டுக் குடுக்கவா? தெளிஞ்சிரும்" என்றாய். அப்போதுதான் உன்னை அறைந்தேன். கல்யாணமான மகனை, பக்கத்து லயத்துப் பெண்கள் பார்க்க. அதற்கு நான் வருத்தப்படவில்லை, இப்போதும் இல்லை.

அறை வாங்கிய பிறகாவது ஓடினாயா? ஓடினாய், எஸ்டேட் மேனேஜர் துரையின் பங்களாவுக்கு. ஜீப் கேட்கிறேன் என்றாய். அவள் பக்கத்தில் அந்தப் பெண்களை உட்காரவைத்துவிட்டுப் பின்னாலேயே நான் வந்து பார்க்கும்போது பூந்தொட்டிக்குப் பக்கத்தில் தலைத்துணியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாய். "துரை சாப்பிட்டுக்கிட்டு இருக்காரும்மா. அஞ்சு நிமிசம். முடிச்சதும் கேட்டுர்றேன்." அங்கே வீட்டில் உன் பெண்டாட்டியின் உயிர் போய்க்கொண்டிருக்கிறது, நீ ஒருத்தர் கை கழுவுவதற்காகக் காத்திருக்கிறாய். அந்தத் துரையைக்கூட நான் குற்றம் சொல்லமாட்டேன். அவருக்கு யாரும் போய்ச் சொல்லவே இல்லை. நான் உன்னிடம் பேசி நேரத்தைப் போக்காமல் ரோட்டுக்கு ஓடினேன். அங்கே ஆரஞ்சு ஏற்றிக்கொண்டிருந்த லாரி நின்றது. நம் கொடைக்கானல் பஜாரில் பழக்கடை வைத்திருக்கிற காதர் ராவுத்தர் பக்கத்தில் நின்று கூடைகளை அடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "பாய், என் மருமக தலையில அடிபட்டு நினைவில்லாம கெடக்குறா, மதுரைக்குக் கொண்டுபோகணும்" என்றேன். அவர் எப்போ அடிபட்டது, எப்படி அடிபட்டது, என்ன தருவாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஏலே, ஏத்துனது எல்லாத்தையும் எறக்குங்கடா. வெரசா" என்றார். கூடைகள் ரோட்டோரத்தில் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் அவளைப் பெற்றவரும் இல்லை, கட்டியவரும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பி வந்தால், நீ அவளை இரண்டு அக்குளிலும் கை கொடுத்து மூட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்கப் போனாய். தலை பின்னால் தொங்கியது. நான் போட்ட சத்தம் உனக்கு ஞாபகம் இருக்கும். விழுந்தவர்களுக்குத் தலையோடு கழுத்தும் அடிபட்டிருக்கலாம், தலையும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி நாலு பேர் சேர்ந்து பலகையில்தான் தூக்கவேண்டும். அதற்காகத்தான் கதவைக் கழற்றச் சொன்னேன். தலைக்கு இரண்டு பக்கமும் சேலையைச் சுருட்டி அண்டைகொடுத்தேன். வாந்தி எடுத்தால் மூச்சுக்குழலில் போகாமல் வெளியே வரவேண்டும் என்பதற்காகக் கழுத்து திரும்பாமல் உடம்போடு சேர்த்து ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். வத்தலக்குண்டு தாண்டி மதுரை வரைக்கும் லாரியின் பின்னால் மண்டியிட்டபடி அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தேன். மலையில் ஒவ்வொரு வளைவுக்கும் என் முழங்கால் பலகையில் தேய்ந்து தோல் உரிந்தது. நீ எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டு வந்தாய். நீ அழுவதைப் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை.

மதுரையில் அந்த டாக்டர் கேட்டார், "என்னைக்கு விழுந்தாங்க?" நீ "திங்கக்கெழமங்கய்யா" என்றாய். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார், பிறகு உன்னைப் பார்த்தார். முடியைச் சிரைத்து, மண்டை ஓட்டில் துளை போட்டு, உள்ளே உறைந்துகிடந்த ரத்தத்தை எடுத்தார்கள். வெளியே வந்து என்னிடம் சொன்னார், "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா எங்ககிட்ட கொண்டுவந்திருக்கவே வேண்டாம்மா." அதை நீ கேட்கவில்லை. நீ பீடி வாங்கப் போயிருந்தாய்.

லாரியில் வரும்போது ஒன்று கேட்டாய். "அது வெறும் தூக்கம் இல்லேன்னு ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" ஆஸ்பத்திரி வேலையில் தெரிந்துகொண்டது என்று சொன்னேன். இத்தனை வருஷமாக வார்டு ஆயாவாக இருக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று நீயும் நம்பிவிட்டாய். முத்து, அந்தக் குறட்டையை நான் முதலில் கேட்டது ஆஸ்பத்திரியில் இல்லை. வில்பட்டியில், நம் வீட்டில். குறட்டை விட்டது உன் அப்பா.

சளிக்காய்ச்சல் வந்து இறந்துபோனார் என்று உனக்குச் சொன்னேன். நீ அப்போது வத்தலக்குண்டு ஹாஸ்டலில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். ஆள் அனுப்பி உன்னைக் கூட்டிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் சித்தப்பாவிடமும், பக்கத்து வீட்டுக்காரர்களிடமும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றே சொல்லுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். எல்லாரும் அப்படியே சொன்னார்கள். ஊரே சேர்ந்து ஒரு பொய்யைப் பன்னிரண்டு வருஷம் காப்பாற்றியது. நடந்தது இதுதான். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரைத் தகரத்தை ஆணி அடித்து இறுக்க வேண்டும் என்று நான்தான் நச்சரித்துக்கொண்டிருந்தேன். காலையில் ஏறினார். பனியில் தகரம் ஈரமாக இருந்தது. சறுக்கித் துணி துவைக்கிற கல்லின்மேல் விழுந்தார். நான் அலறிக்கொண்டு ஓடினேன். அதற்குள் எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறார். "எதுக்குக் கத்துற? ஒண்ணும் இல்ல, கால் தட்டிருச்சு." காதுக்கு மேலே ரத்தம் வந்தது. காப்பித்தூளை வைத்து அழுத்தினேன். காப்பி கேட்டார், குடித்தார். பீன்ஸ் தோட்டம் வரைக்கும் நடந்துபோய் ஆட்களிடம் பேசிவிட்டு வந்தார். வந்தவர், "தலை வலிக்குது" என்றார். ஒரு தடவை வாந்தி எடுத்தார். வெறும் வயிற்றில் காப்பி குடித்ததால் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பிறகு படுத்தார்.

உச்சிப்பொழுதில் குறட்டை கேட்டது. வாசலில் பீன்ஸ் உரித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன், "மனுசன் ரெண்டு வருசத் தூக்கத்தை இன்னைக்கே தூங்குறாரு." சத்தத்தில் எழுந்துவிடப் போகிறார் என்று கதவைச் சாத்திவைத்தேன். நீ ஜன்னலைச் சாத்தினாய் அல்லவா, அதே மாதிரி. உன் சித்தப்பா பீன்ஸ் மூட்டை கட்ட வந்து எழுப்பிப் பார்த்தபோதுதான் எழவில்லை என்று தெரிந்தது. கை கால் வெட்டி இழுத்தது. சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர், "கட்டில்ல போட்டு நாலு பேரு தூக்கிக்கிட்டு ஓடுவோம், இருட்டுறதுக்குள்ள டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்" என்றார். நல்ல மனிதர், சொன்னதோடு நிற்காமல் கட்டிலையும் எடுத்துவந்துவிட்டார். மறித்தது யார் தெரியுமா? நான். "வேண்டாம், அங்க கொண்டுபோனா மண்டையைப் பொளந்துருவாங்க. மயக்கந்தான். சோடா குடுத்தா தெளிஞ்சிரும்" என்றேன். சோடாவை உடைத்து வாங்கி, அவர் தலையை மடியில் வைத்து, வாயைத் திறந்து நானே ஊற்றினேன். நினைவில்லாதவருக்கு விழுங்கத் தெரியாது. அது நேராக மூச்சுக்குள் போனது. ஒரு தடவை புரையேறியது. குறட்டை நின்றது. சத்தம் அடங்கிவிட்டதே, தெளிகிறார் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். முத்து, அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

அதற்கு மறு வருஷம்தான் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு நாள் வராந்தாப் படியிலிருந்து விழுந்த பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். பிள்ளை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தது. இருந்தும் நர்சம்மா மணிக்கொரு தடவை எழுப்பி, பெயர் என்ன, இது எத்தனை விரல் என்று கேட்டுக்கொண்டும், டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்துக்கொண்டும் இருந்தார். ஏன் தூங்க விடாமல் படுத்துகிறீர்கள் என்று கேட்டேன். "தூங்கலாம். எழுப்புனா எந்திரிக்கணும், அதான் முக்கியம். அடிபட்டதும் நல்லாத்தான் இருப்பாங்க. உள்ள ரத்தம் கசிஞ்சா மெல்லத்தான் தெரியும். சில பேருக்கு ஒரு மணி நேரம், சில பேருக்கு ஒரு வாரம்கூட ஆகும். தலைவலி கூடும், வாந்தி வரும், உளறுவாங்க, ஒரு பக்கம் கை கால் வராது. எழுப்பி எந்திரிக்கலேன்னா ஒரு நிமிசம்கூடத் தாமதிக்கக் கூடாது" என்றார். நான் கேட்டேன், "குறட்டை விட்டா?" அவர் என்னை உற்றுப் பார்த்தார். "யாருக்கு?" எங்கள் ஊரில் ஒருத்தருக்கு என்றேன். "கொண்டுவந்திருக்கணும். மண்டையைத் திறந்து பாத்திருப்பாங்க" என்றார். நான் துணி வைக்கிற அறைக்குள் போய், வெளுத்து வந்த போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு கத்தினேன். மண்டையைப் பிளப்பார்கள் என்று எதற்குப் பயந்து தடுத்தேனோ, அதைச் செய்திருந்தால் அவர் பிழைத்திருக்கலாம்.

அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அப்பனைக் கொன்றவள் என்று என்னை நீ பார்ப்பாய் என்ற பயம். பிறகு நீ பெரியவனாகி, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆனது. எத்தனை நாள் இருந்தது சொல்வதற்கு! அந்நியர் பிள்ளைகளின் தாய்மாரிடம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொல்லியிருக்கிறேன். காப்பித்தூள் வைக்காதே, சுத்தமான துணியை வைத்து அமுக்கு. வாயில் ஒன்றும் ஊற்றாதே. பேசுகிறான் என்று நம்பி விட்டுவிடாதே. என் மகனிடம் சொல்லவில்லை. சின்ன வயதில் நீ முழங்காலை உடைத்துக்கொண்டு வந்தபோதெல்லாம் காப்பித்தூள் வைத்துவிட்டவளும் நான்தான். அதைத்தான் நீ மரகதத்தின் மண்டையில் வைத்தாய். உன் அப்பா எப்படிப் போனார் என்று உனக்குத் தெரிந்திருந்தால் அந்தத் திங்கட்கிழமையே உனக்கு உறைத்திருக்கும். அதனால் என் கோபத்தில் பாதியை நானே எடுத்துக்கொள்கிறேன். எனக்கு வேண்டியதுதான்.

மீதிப் பாதி உனக்கு. அதை நீ என்மேல் தள்ள முடியாது. தலையில் அடிபட்டால் என்ன ஆகும் என்று தெரியாதது உன் குற்றம் இல்லை. ஆனால் வாந்தியைப் பார்த்தாய், சாம்பலைப் போட்டாய். இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தாள், பார்த்தாய். புதன்கிழமை சாயங்காலம் தண்ணீர் கேட்டவள் செம்பைப் பிடிக்கத் தெரியாமல் கீழே போட்டாள், "கண்ணு தெரியலையா" என்று அதட்டினாய். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கிறாயா? அவள் சொன்னாள். இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வருகிறது. வலது கை இன்னும் முழுசாக வசத்துக்கு வரவில்லை, சீப்பைப் பிடித்தால் நழுவுகிறது. தெரிந்த வார்த்தையெல்லாம் வாய்க்கு வருவதில்லை. அன்றைக்கு உப்பைக் கேட்க நினைத்து, பெயர் வராமல், "வெள்ளையா... சோத்துக்கு..." என்று கையை ஆட்டி, கடைசியில் அழுதுவிட்டாள். இவளைத்தான் நீ சோறாக்க அனுப்பச் சொல்கிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் வெயில் அடித்தது. வாசலில் உட்காரவைத்து, சிரைத்த இடத்தில் முளைத்த முடியில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். அரை மணி நேரம் ஆனது சொல்லி முடிக்க. படியில் பாசி இருந்தது, தண்ணீர்க் குடத்தோடு விழுந்தாள், எழுந்திருக்க முடியவில்லை. "என்னங்க" என்று கூப்பிட்டாளாம். மூன்று தடவை. மூன்றாவது தடவை நீ உள்ளேயிருந்து பதில் சொன்னாயாம், "சோலி கெடக்கு, வெரசா வா, நேரமாச்சு" என்று. எவ்வளவு நேரம் மழையில் அங்கேயே கிடந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, உடைந்த குடத்தைப் பொறுக்கிப் போட்டுவிட்டு வந்து, உனக்குச் சோறு போட்டாள். நீ சாப்பிட்டுவிட்டு எழுந்த பிறகுதான் அவள் முதுகில் ரத்தத்தைப் பார்த்தாய். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். உன் அப்பா விழுந்தபோது நான் தப்புத் தப்பாகச் செய்தேன். ஆனால் அவர் விழுந்த சத்தம் கேட்டதும் ஓடினேன் முத்து. ஓடினேன்.

நேற்று உன் கார்டை அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். மறைக்கிற பழக்கத்தை இனி நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. இந்தக் கடிதத்தையும் அவளுக்கு வாசித்துவிட்டுத்தான் ஒட்டுவேன். "போறியாம்மா?" என்று கேட்டேன். இடது கையால் கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அவரு... ஒரு தடவகூட... கேக்கல அத்தை" என்றாள். என்ன கேட்கவில்லை என்றேன். "எப்படி விழுந்தேன்னு."

நான் யோசித்துப் பார்த்தேன். லாரியில் கேட்கவில்லை. மதுரையில் அவள் கண் திறந்த அன்று கேட்கவில்லை. இங்கே கொண்டுவந்து விட்ட பிறகு இரண்டு தடவை வந்து போனாய், அப்போதும் கேட்கவில்லை. இந்தக் கார்டிலும் இல்லை. ஆகையால் வெள்ளிக்கிழமை அவளுக்குப் பதில் நீ பஸ் ஏறு. துரையிடம் லீவு கேள், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கேள். வந்து அவள் முன்னால் உட்கார்ந்து, எப்படி விழுந்தாய் என்று கேள். அவள் சொல்வதற்கு நேரமாகும். வார்த்தை கிடைக்காமல் நடுவில் நின்றுவிடுவாள். நீ வார்த்தையை எடுத்துக் கொடுக்காதே, எனக்குத் தெரியும் என்று தலையாட்டாதே, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்திருக்காதே. அவள் முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திரு. முடித்த பிறகு, உன்னோடு வருவதா இல்லையா என்று அவளே சொல்வாள்.

உன்னைப் பெற்றவள்